பதினாலாம் நம்பர் ரூமின் ஏழு நொடி

சுகிர்தாவிடம் கொரியப் பாட்டு என்று யாராவது வாயெடுத்தால் உடனே ஒரு திருத்தம் வந்து விழும். அது இல்லை. கூட்டமாகப் பையன்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி ஆடுகிறார்களே, அது இல்லை. சித்தப்பா மகள் ஹர்ஷினி கட்டில் தலைமாட்டில் போஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறாளே, அதுவும் இல்லை. இவள் கேட்பது வேறு சரக்கு. அதை விளக்கப் புகுந்தாள் என்றால் எதிரே இருக்கிறவர் காப்பி ஆறிப்போகும். கல்யாண வீட்டில்கூட ஒருமுறை சாம்பார் வாளியோடு வந்தவரை நிறுத்திவைத்து விளக்கியிருக்கிறாள்.

சங்கரலிங்கத்துக்கு ஒரே மகள் சுகிர்தா. வீடு சிவகாசியில். பட்டாசு கம்பெனி ஏழாயிரம்பண்ணைக்கு இந்தப் பக்கம், கருவேலங்காட்டுக்கு நடுவே. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது, எதையோ தேடப்போய் அவள் போனில் வந்து மாட்டியது தொப்பாப் என்கிற கோஷ்டி. தொப்பாப் என்றால் கொரிய மொழியில் மரத்தூள். வார்த்தையைப் பிரித்தால் ரம்பத்தின் சோறு என்று வருமாம். குவாக் என்று ஒருவன், இன்ச்சான் என்கிற ஊரில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், ராப் பாடுவான். மின்ஜு என்கிற பெண் கிட்டாரைக் கிழிகிழியென்று கிழிப்பாள். டிரம்ஸுக்கு ஒரு ஆள் உண்டு, அது ஆறு மாசத்துக்கு ஒருவராக மாறும். டான்ஸ் கிடையாது, மேக்கப் கிடையாது, பின்னால் பெரிய கம்பெனி கிடையாது. சியோலில் ஏதோ ஒரு கட்டடத்தின் நிலவறையில் நாற்பது பேர் முன்னால் வேர்த்து விறுவிறுத்துப் பாடுவார்கள். குவாக்குக்கு வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை, ரம்பம் கொண்டுபோய்விட்டது. மைக்கை அந்தக் கையால்தான் பிடிப்பான்.

"உண்மையானவங்க," என்பாள் சுகிர்தா. மற்றதெல்லாம் பொம்மலாட்டம், இவர்கள்தான் உண்மை. உண்மை என்கிற வார்த்தையை அவள் அன்றாடம் புழங்கின புழக்கத்துக்கு, அவசரத்துக்கு ஒருநாளாவது அது கைகொடுத்திருக்க வேண்டும்.

ரசிப்பதற்குத் துணை வேண்டுமே. துணையாகக் கிடைத்தவள் கல்லூரியில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்த வேல்விழி. அவள் அப்பா சுடலை லாரியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா வள்ளித்தாய் பதினேழு வருஷமாகச் சங்கரலிங்கத்தின் கம்பெனியில்தான் திரி வைக்கிறாள். ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டு, கேன்டீன் பின்னாலே உட்கார்ந்து முதல் பாட்டைக் கேட்டார்கள். இவன் எதற்கு இவ்வளவு வேகமாகப் பேசுகிறான் என்று முதலில் கேட்டவள் வேல்விழிதான். மூன்றாவது முறை கேட்டு முடித்ததும் பதிலையும் அவளே சொன்னாள்.

"போர்மேன் வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கணும்லடி."

அந்தப் பதிலில் சுகிர்தா விழுந்துவிட்டாள். நாலு மாசமாக ஆங்கிலத்தில் எவனெவனோ எழுதிய விமர்சனங்களை எல்லாம் மாங்கு மாங்கென்று படித்தவளுக்கு இந்த ஒரு வரி தோன்றவில்லை பாருங்கள்.

பிறகு வேல்விழி கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டாள். நம் இருநூற்றி நாற்பத்தேழைப் படித்தவளுக்கு இதெல்லாம் ஒரு எழுத்தா என்று ஒரே மாசத்தில் முடித்துவிட்டாள். மூன்றாம் வருஷத்தில் குவாக் பாடுவதில் பாதியை, கீழே ஓடும் எழுத்தைப் பார்க்காமலே, நோட்டில் தமிழில் எழுதித் தருவாள். சுகிர்தாவுக்குக் கடைசிவரை ஒரு எழுத்தும் ஏறவில்லை. ரசிகை இவள், படித்தவள் அவள். அவளுக்கு ஒரு திட்டமும் இருந்தது. சென்னைக்கு வெளியே கொரியாக்காரர்களின் தொழிற்சாலைகள் இருக்கின்றன, இரண்டு மொழியும் தெரிந்த ஆளுக்கு அங்கே வேலை நிச்சயம், அதற்கு ஒரு பரீட்சை எழுத வேண்டும். டிகிரி முடிந்ததும் ஒரு சீசன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, தீபாவளி கழித்துச் சென்னைக்குப் போய் வகுப்பில் சேர்ந்து எழுதிவிடலாம் என்று இருந்தாள். வகுப்புக்குப் பணம் நான் தருகிறேன் என்று சுகிர்தா சொன்னதற்கு, வேண்டாம், என் கை இருக்கிறது என்றுவிட்டாள். பதினாலாம் நம்பர் ரூமில் திரி வைக்கப் போனாள்.

சங்கரலிங்கம் கறாரான முதலாளி. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கம்பெனியில் ஒரு விபத்து கிடையாது, அதை அவர் யாரைப் பார்த்தாலும் சொல்லுவார், சொல்லுவதில் தப்பும் இல்லை. வேலைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ரூமுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றி, கதவோரம் பதித்திருக்கிற செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் தரைக்குப் போய்விடும். இதெல்லாம் வேலைக்காரர்களுக்கு. முதலாளி மகள் ஸ்கூட்டியில் வந்தால் வாட்ச்மேன் சோலைமலை எழுந்து நின்று கும்பிடுவார், அவ்வளவுதான். அவள் பையைத் திறந்து காட்டு என்று சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா?

போன வருஷம் ஆவணியில் தொப்பாப் ஒரு அறிவிப்புப் போட்டது. புதுப் பாட்டு வருகிறது, பேர் சோன், கை என்று அர்த்தம். உலகத்தில் கையால் வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையின் சத்தத்தை ஏழு நொடி அனுப்புங்கள், எது பொருந்துகிறதோ அதைப் பாட்டுக்குள் வைக்கிறோம் என்று குவாக்கே பேசியிருந்தான். சுகிர்தாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது வேல்விழியின் கைதான்.

திரி வைக்கிற வேலையில் ஒரு தாளம் உண்டு. வட்ட வளையத்துக்குள் காகிதக் குழாய்களை நெருக்கி அடுக்கியிருப்பார்கள். மேலே ஒரு மரக்கட்டையால் மூன்று தட்டு, வளையத்தை ஒரு திருப்பு, மறுபடி இரண்டு தட்டு. அப்புறம் விரல்கள் திரியை ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டு ஓடும். வேல்விழி தட்டினால் ரூமில் மற்றவர்களின் கையும் தன்னால் அந்தத் தாளத்துக்கு வந்துவிடும் என்று வள்ளித்தாய் பெருமையாகச் சொல்லுவாள்.

வேல்விழிக்கும் ஆசைதான். ஆனால் அவள் வீட்டில் வைத்துத் தட்டி அனுப்பலாம் என்றாள். ஒரு வளையமும் வெறும் குழாயும் இருந்தால் போதும், சத்தம் சத்தம்தானே?

"வீட்டுல தட்டுனா அது நடிப்புடி. அவன் உண்மையத்தான கேட்டிருக்கான்?"

"போன் உள்ள வரக்கூடாது. உனக்குத் தெரியாததா?"

"நான் பாத்துக்கிடுதேன்."

பாத்துக்கிடுதேன் என்பது நம் பக்கம் ரொம்ப மலிவு. வட்டச்செயலாளர் முதல் வளையல்காரர் வரை எல்லோரும் சொல்லுவது. ஆனால் வேல்விழி அதை அப்படியே நம்பினாள். மூன்று வருஷம் ஒரே இயர்போனில் கேட்டவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்.

ஒரு புதன்கிழமை, அப்பா ஆர்டர் விஷயமாக வெளியே போயிருந்த நேரம் பார்த்து, டிபன் பைக்குள் போனை வைத்துக்கொண்டு சுகிர்தா வந்தாள். செருப்பைக் கழற்றினாள். செம்புத் தகட்டைப் பக்தியோடு தொட்டாள். டிபன் பையில் போன் இருக்க, தகட்டைத் தொட்ட புண்ணியவதி! ரூமில் நாலு பேர், வள்ளித்தாயும் அதில் ஒருத்தி. முதலாளி மகள் போனை வெளியே எடுத்ததும் மற்ற மூவரும் குனிந்த தலை நிமிரவில்லை. பார்க்காமல் இருப்பதும் அங்கே வேலையில் சேர்ந்ததுதான். அலுமினியப் பொடி மினுங்கும் விரல்களைச் சுற்றி வந்து படம் பிடித்தாள் சுகிர்தா. மூன்று தட்டு, ஒரு திருப்பு, இரண்டு தட்டு. முடிந்ததும் மெதுவாக என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

சத்தத்தை வேல்விழி பேரில் அனுப்பிவிட்டாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. அந்த வீடியோவை வெட்டி, கைகள் மட்டும் தெரிகிற மாதிரி, தொப்பாப்புக்காக அவள் தன் பேர் போடாமல் நடத்திக்கொண்டிருந்த பக்கத்திலும் போட்டாள். முந்நூறு பேர் பார்க்கிற பக்கம். கொரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்து எல்லோரும் இதயமாகக் குவித்தார்கள். கைகளுக்குப் பின்னால் சுவரில் சிவப்புப் பெயின்டில் 14 என்று இருந்தது. அதன் கீழே, கைபேசிக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. அதையும் சேர்த்தே எடுத்திருந்தாள் மகராசி.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலாம் நாள் அந்த வீடியோ எங்கெங்கோ சுற்றிச் சிவகாசி வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு வந்து சேர்ந்தது. வெடிமருந்து ரூமுக்குள் போன் என்று தலைப்பு. மறுநாள் அதிகாரிகள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சீசன் உச்சத்தில் லைசென்ஸ் தொங்கினால் முந்நூறு குடும்பத்துக்கு வேலை இல்லை. யார் கொண்டுவந்தது, என்ன நடவடிக்கை என்று எழுத்தில் தர வேண்டும்.

ஆபீஸ் ரூமுக்குப் பதினாலாம் நம்பர் ஆட்கள் நாலு பேரையும் கூப்பிட்டார்கள். சங்கரலிங்கம் நாற்காலியில். மேனேஜர் செந்தூர்பாண்டி பக்கத்தில். வீடியோவைப் பெரிதாகப் போட்டுக்காட்ட லேப்டாப்போடு வரச்சொல்லியிருந்ததால் சுகிர்தாவும் அங்கேதான், பீரோவை ஒட்டி நின்றாள். வீடியோ மூன்று முறை ஓடியது. வேல்விழியின் இடது கட்டைவிரலில் இருக்கிற பழைய தழும்பு பளிச்சென்று தெரிந்தது. போன் யாருடையது என்று கேட்டார் சங்கரலிங்கம்.

வேல்விழி நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். கோபமாகவோ கெஞ்சியோ பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் ரோட்டைப் பார்க்கிற மாதிரி, வந்துவிடும் என்கிற நிச்சயத்தோடு பார்த்தாள். சுகிர்தா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அடுத்த வருஷத்துக் காலண்டர், சாம்பிளுக்கு வந்தது. அதில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் அப்பா என்ன சொல்வார், அம்மா செல்லக்கனி என்ன சொல்வாள், தையில் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன விருதுநகர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று வரிசையாக ஆட்கள் வந்து நின்றார்கள். வேல்விழி மட்டும் அந்த வரிசையில் இல்லை.

"போனைச் சாத்தி வச்சு எடுத்திருக்கா முதலாளி," என்றார் செந்தூர்பாண்டி. சாத்தி வைத்த போன் கையைச் சுற்றிச் சுற்றி நடக்குமா? இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, படம் பிடித்த மூன்றாவது கை யாருடையது? பால்வாடிப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். அங்கே யாரும் கேட்கவில்லை. யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மட்டும் மேனேஜர் சொன்னார். வள்ளித்தாயின் கை முந்தானையை முறுக்கியது.

"எம் போன்தான்," என்றாள் வேல்விழி.

அன்று சாப்பிடும்போது சங்கரலிங்கம் நிம்மதியாக இருந்தார். ஆபீசருக்கு ஒரு பேர் எழுதிக்கொடுத்தாயிற்று, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார். அந்தத் தலைப்பாகை எந்தத் தலையில் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. கை கழுவ எழுந்தவர், மகள் முகத்தைப் பார்க்காமல், இனிமேல் நீ கம்பெனிப் பக்கம் வரவேண்டாம் என்றார். அப்போதுதான் சுகிர்தாவுக்கு உறைத்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷம் அவள் அழுதிருந்தால் பாவம் என்று சொல்லலாம். அவளுக்கு வந்தது நிம்மதி. இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்கிற நிம்மதி. ராத்திரி அதை நினைத்துத்தான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மேனேஜர்கள் குரூப்பில் வேல்விழியின் போட்டோ போயிற்று. எம். புதுப்பட்டியில் வேலை கேட்டாள், நாரணாபுரத்தில் கேட்டாள், போன் கொண்டுபோன பிள்ளைதானே நீ என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சீசன் போனது, பரீட்சையும் போனது. ராஜபாளையம் பக்கம் பஞ்சு மில்லில் ஷிப்டுக்குப் போகிறாள் என்று சோலைமலை சொல்லித்தான் சுகிர்தாவுக்குத் தெரியும். வேல்விழி ஒரு போன் பண்ணவில்லை, ஒரு மெசேஜ் அனுப்பவில்லை. சுகிர்தா தினமும் எழுதுவாள், அழிப்பாள். தப்பை எழுத்தில் வைக்கப் பயம். அப்பா மகள்தானே.

தை கடைசியில் பாட்டு வந்தது. பாட்டின் கீழே முப்பத்தொரு பேர் வரிசையாக இருந்தார்கள். ஒன்பதாவதாக, வேல்விழி, சிவகாசி. சுகிர்தா பாட்டை ஓடவிடவில்லை. வேல்விழியோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும், அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கே அப்பாவிடமும் போய் நிற்க வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய இயர்போனைத் தேடி எடுத்து, ஸ்கூட்டியை எடுத்தாள். ஏழாயிரம்பண்ணை ரோட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஹெல்மெட்டுக்குள் சொல்ல எவ்வளவு நன்றாக வந்தது!

வேல்விழி வீட்டு வாசலில் வள்ளித்தாய்தான் இருந்தாள். "வாங்க தாயி. உள்ள வந்து உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றாள். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு நிற்பது, அடி வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வேல்விழி அப்போதுதான் தலை குளித்திருந்தாள். முகம் மெலிந்திருந்தது. புருவத்தில் ஒரு துளி பஞ்சு குளித்தும் போகாமல் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கம்பெனியில் பேசுகிற மாதிரி, என்னங்க விசேஷம் என்று கேட்டாள்.

சுகிர்தா பாட்டு வந்திருப்பதைச் சொன்னாள். பேர் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், ஆபீசர்களிடம்கூட எழுதிக்கொடுக்கிறேன், உன்னை மறுபடி எடுக்கச் சொல்கிறேன் என்றாள். வார்த்தைகள் ஹெல்மெட்டுக்குள் வந்த மாதிரி வரவில்லை, நடுவில் அழுகை வந்து கெடுத்தது.

வேல்விழி தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பரீட்சைத் தேதி போய்விட்டது என்றாள். அம்மா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள், இப்போது எதையாவது கிளப்பி அதையும் கெடுத்துவிட வேண்டாம் என்றாள். சொல்லுவதற்குக்கூட ஒரு காலம் இருக்கிறது, அது போய்விட்டது என்பது சுகிர்தாவுக்கு அப்போது விளங்கியது. பிறகு, பாட்டைப் போடுங்க, கேக்கலாம் என்று வேல்விழியே கை நீட்டினாள்.

ஆளுக்கு ஒரு காது. முதலில் மரத்தை இழைக்கிற இழைப்புளி ஓடுகிற சத்தம், அது குவாக்கின் சொந்தச் சத்தம். அதன்மேல் மின்ஜுவின் கிட்டார் கரகரவென்று ஏறியது. மீன் வெட்டுகிற கத்தி, தையல் மிஷின், செங்கல்லை அடுக்குகிற சத்தம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. குவாக் போர்மேன் வருவதற்குள் சொல்லி முடிக்கிற அவசரத்தில் பேசிக்கொண்டே போனான். வேல்விழியின் உதடு அவனோடு லேசாக அசைந்தது. மறக்கவில்லை அவள்.

பிறகு பாட்டு முழுக்க நின்றது. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. மூன்று தட்டு, ஒரு திருப்பு, இரண்டு தட்டு. பதினாலாம் நம்பர் ரூம். ஏழு நொடியும் வெட்டாமல் வைத்திருந்தார்கள். அதன் வாலில், காதுக்குப் பக்கத்தில் வந்து சொல்லுகிற மாதிரி, ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது.

"போதும்டி, வந்துருச்சு."

வீடியோவில் அந்த இடத்தை வெட்டியவள், அனுப்பிய சத்தத்தில் வெட்ட மறந்திருந்தாள். கொரியாக்காரனுக்கு என்ன தெரியும், அதுவும் வேலையில் சேர்த்தி என்று வைத்துவிட்டான். சொன்னதற்குப் பின்னால் இரண்டு பேர் சிரிப்பதும் கேட்டது. உடனே கிட்டார் வந்து அதை மூடிவிட்டது.

வேல்விழி பாட்டு முடிகிறவரை இருக்கவில்லை. காதிலிருந்து எடுத்து, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, சுகிர்தாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க குரல் நல்லா கேக்குது," என்றாள். "அன்னைக்கு ஆபீஸ்லயும் இம்புட்டு சத்தம் போதுமா இருந்திருக்கும்."

ராத்திரி ஷிப்ட் இருக்கிறது, கொஞ்சம் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வள்ளித்தாய் டம்ளரில் காப்பியோடு வந்து, சூடா இருக்கு, பாத்துக் குடிங்க தாயி என்று நீட்டினாள். சுகிர்தா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.